பக்கத்து வீட்டுக் குழந்தை

அவள் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் மாங்கு மாங்கென்று எழுதி முடித்ததை வாங்கி, எந்த இடத்தில் தட்டினால் அது குப்புற விழும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நல்ல பேர் வாங்க முடியுமா? ஆபீஸில் அவளுக்கு ‘நொட்டை’ என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் அவள் காதுக்கு வராத ரகசியம் அங்கே ஏது? உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த நொட்டைக்கு இரண்டு வெளிநாடுகளிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அதில் ஒரு வேலை கைக்கே வந்துவிட்டது. அவளுடைய அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனி. சம்பளத்தைக் கேட்டதும் அவள் கணவனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. இன்னொரு நாட்டுக் கம்பெனி தருவதோ அதில் பாதி, வரி வேறு பிடுங்கிக்கொள்ளும். ஆனால் அங்கே குழந்தை பிறந்தால் ஒரு வருஷம் விடுப்பு, அதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. காப்பகத்துக்குப் பேருக்குத்தான் கட்டணம். ஐந்து மணிக்கு மேல் ஆபீஸில் விளக்கு எரிந்தால் என்ன ஆச்சு என்று விசாரிப்பார்களாம்.

கட்டட வரைபடம் போடுகிற அவள் கணவனுக்கு இரண்டாவதில்தான் கண்.

“உங்க அண்ணன் ஊர்ல காப்பகச் செலவுக்கே என் சம்பளம் பத்தாது. நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான். உக்காரேன், பரவால்ல. ஆனா இன்னொரு குழந்தை வேணும்னு நீதானே சொன்ன? அங்க அது நடக்குமா?”

“கொஞ்ச வருஷம் நல்லா சம்பாதிச்சிட்டுப் பெத்துக்கலாங்க.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

அவன் சொன்னது உண்மைதான். மகள் பிறந்து மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பியவள் அவள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைக் காப்பகத்து ஆயா அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தாள். இன்னொன்று பெற வேண்டும், அது நடப்பதைக் கண் குளிர நேரில் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு நிறைய ஆசை இருந்தது. அந்தச் சம்பளத்தையும் விட மனசில்லை. அண்ணன் கம்பெனிக்கு அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்று சொல்வதாகத்தான் முடிவு. பாதிச் சம்பளக்காரர்களின் கடைசி நேர்காணலும் அன்றைக்கே இருந்தது. அந்த வேலையையும் வாங்கி வைத்துக்கொண்டால், அதைக் காட்டி அண்ணன் கம்பெனியில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாமே என்பது அவள் கணக்கு.

லேப்டாப்பை ஹாலில் வெள்ளைச் சுவருக்கு எதிரே வைத்தாள். கணவனையும் நாலு வயது மகளையும் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது.”

“கொஞ்சமா விட்டுக்கலாமா?” என்றான் அவன் உள்ளேயிருந்து.

திரையில் இருவர் வந்தார்கள். ஒருத்தி பணியாளர் பிரிவு அதிகாரி. மற்றவர் வேலையில் சேர்ந்தால் அவளுக்கு மேலாளராகப் போகிறவர். அவர் மடியில் கன்னம் சிவந்த ஒரு சின்னப் பையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஓகோ, சோதனையா என்று நினைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையை நடுவில் விட்டு ஆள் தடுமாறுகிறாளா என்று பார்க்கிறார்கள். யார்கிட்ட? சோதனை வைத்தே சோறு சாப்பிடுகிறவளிடமா?

அவர்கள் பேசியது ஆங்கிலம், நாம் தமிழிலேயே கேட்போம். பையன் மேலாளரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான், மைக்கை எட்டி உதைத்தான். அவள் அசரவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பொட்டில் அடித்தாற்போல் பதில் சொன்னாள். பையன் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை.

“குறை என்று தெரிந்தும் நீங்கள் விட்டுவிட்டது ஏதாவது உண்டா?” என்று கேட்டார் மேலாளர்.

“கிடையவே கிடையாது” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் படுக்கையறையிலிருந்து வீலென்று ஒரு அலறல்.

“என்ன சத்தம்?”

“பக்கத்து வீட்டுக் குழந்தை. மன்னிக்கணும்.”

கூசாமல் சொன்னாள். அண்ணன் கம்பெனி நேர்காணலிலும் இதே அலறலுக்கு இதே பதில்தான் சொன்னாள். அங்கே பேச்சு அதோடு முடிந்தது, வேலையும் கிடைத்தது.

இங்கே மேலாளர் விடவில்லை. “பாவம், யாராவது கூட இருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டு மடியில் இருந்தவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “இவனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இன்றைக்கு என் முறை, நாளைக்கு இவன் அம்மா முறை. உங்களை இன்னொரு நாள் வரச் சொல்ல மனசில்லை, அதனால்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.”

“முடியவில்லை என்றால் தூங்க வைத்துவிட்டு வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்” என்றாள் அதிகாரி. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

நொட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது சோதனையே இல்லை, அந்தப் பையனுக்கு நிஜமாகவே காய்ச்சல்.

அதற்குள் கதவு திறந்தது. கையில் ஒரு பொம்மைச் செங்கல்லோடு மகள் வந்து நின்றாள். காப்பகத்தில் ஆங்கிலம் கேட்டு வளர்கிறவளுக்கு அம்மா சொன்னது கதவுக்குப் பின்னாலும் புரிந்திருந்தது. அவளைப் பிடிக்க, கேமராவில் விழக்கூடாதென்று கணவன் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான்.

“அம்மா, நான் பக்கத்து வீட்டுக் குழந்தையா?”

திரையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இன்னொரு பொய்கூட வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மகள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லடா செல்லம். நம்ம வீட்டுக் குழந்தை.”

பிறகு திரையைப் பார்த்தாள். “கொஞ்ச நேரம் முன்னால் ஒரு கேள்வி கேட்டீர்களே, பதிலை மாற்றிக்கொள்கிறேன். தெரிந்தே விட்ட குறை ஒன்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று சொன்ன பொய். இவள் என் மகள். அலறியதும் இவள்தான்.”

காய்ச்சல்காரன் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தான். அதிகாரி மகளின் வயதைக் கேட்டு, காப்பகத்தில் இப்போதே சொல்லி வைத்தால்தான் இடம் கிடைக்கும் என்று குறித்துக்கொண்டாள். அம்மாவுக்கு வேலை உண்டா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, மகளுக்கு இடம் பிடித்தாகிவிட்டது!

அதற்காக நொட்டை இளகிப் போய்விடவில்லை. “வேலை தருவதென்றால் ஒரு படி மேலே தரவேண்டும். என்னைப்போல் குறை கண்டுபிடிக்க உங்களுக்கு ஆள் கிடைக்காது” என்று மகளை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள். மத்தியானம் வந்த பதிலில் அந்த ஒரு படி இருந்தது. அப்படியும் அண்ணன் கம்பெனிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் அண்ணன் கம்பெனிக்குத்தான் வேலை வேண்டாம் என்று நன்றியோடு எழுதி அனுப்பினாள்.

உடனே அண்ணன் கூப்பிட்டான்.

“பைத்தியமா உனக்கு? பாதிச் சம்பளத்துக்கா போற? இங்க எல்லார்கிட்டயும் தங்கச்சி வர்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? உன் ஆபீஸ்ல யாருக்காவது உன் பொண்ணு பேர் தெரியுமா?”

வாயடைக்கத்தான் கேட்டாள். ஆனால் அண்ணன் பதில் சொன்னான்.

“யாருக்கும் தெரியாது” என்றான். “ஆனா அவளுக்கு என் மேனேஜர் பேர் தெரியும். போன்ல அந்தப் பேரைப் பாத்தா, பொம்மையை எடுத்துக்கிட்டு அவளே உள்ள போயிடுவா. நான் சொல்லவே வேண்டாம்.”