தொண்டையில் நின்ற வரி

சித்தி மாட்டிவிட்ட தொப்பி பெகிமாயின் தலையில் சில்லென்று இருந்தது. துணித்தொப்பிதான். அதில் பொத்தான் பொத்தானாக உலோக வில்லைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பசை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி. மேசைமேல் இருந்த லேப்டாப்பின் திரையில் கோடுகள் வரிசையாக நெளிந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் நானா சித்தி?"

"உன் மூளையோட மின்சாரம். கண்ண மூடித் திற, தெரியும்."

மூடித் திறந்தாள். கோடுகள் துள்ளின. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்? சித்தி கையில் ஒரு அடி போடும் வரை கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் தெரிந்துகொள்ள நினைத்தது வேறு. தன் தலைக்குள் பாட்டு இன்னும் இருக்கிறதா, தீர்ந்துபோய்விட்டதா?

ஏழு வயதிலிருந்தே அவள் வாய் அந்த ஏரிக்கரை ஊர்களில் பேர்போன வாய். ஐதிஷ் என்னும் பாட்டுப் போட்டி மேடையில், மூன்று தந்தி போட்ட கோமுஸை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, அங்கேயே கட்டி, அங்கேயே பாடி, ஒருவரையொருவர் வாரவேண்டும். கோபம் வரக்கூடாது, பதில் வந்தே ஆகவேண்டும். பெரிய ஆம்பிளைகளையே தலைகுனிய வைத்தவள் பெகிமாய். இந்த வருஷம் நூருஸ் வசந்தப் பண்டிகை மேடையில் பக்கத்து ஊர்ப் பையன் எர்மெக்கின் எதிரே அவள் வாய் அடைத்துப்போனது. விரல்கள் தம் பாட்டுக்குத் தந்தியை மீட்டிக்கொண்டிருந்தன, சொல் மட்டும் வரவில்லை. கூட்டம் காத்திருந்து பார்த்தது, பிறகு இருமியது, பிறகு சிரித்தது.

அதோடு கோமுஸைத் தொடவில்லை. அம்மா சய்ரா இலையுதிர்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோமுஸ் மாமா மகளுக்குப் போகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெகிமாய் கணக்கர் வேலைக்குப் படிக்கப் போகிறாள். பெகிமாய் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

சித்தி சினாரா தலைநகர் பிஷ்கெக்கில் பிள்ளைகளின் மூளையை ஆராய்கிறவள். பாட்டுக் கட்டுகிற பிள்ளைகளின் மூளை வளரும் வயதில் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஊர்ப் பள்ளிக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, "புதுசா ஏதாவது கட்டிப் பாடு" என்றாளாம். எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். பாடத் தொடங்குமுன் சபைக்கு வணக்கம் சொல்லவேண்டும் அல்லவா? சபை இல்லாததால் சித்திக்கு வணக்கம் சொன்னார்கள், கருவிக்கு நீண்ட ஆயுள் வேண்டினார்கள், கம்பிகளை வாழ்த்தினார்கள், கரண்டு போகாமல் இருக்க ஆசி கூறினார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஒரு வரி புதிதில்லை, எல்லாம் மனப்பாடம். எதிரே ஆள் இல்லாமல் யார் யாரை வாருவது? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் இதை மறக்கலாமா?

இப்போது மிச்சம் இருந்தது பெகிமாய் ஒருத்திதான். அவளுக்கு வீட்டிலேயே தொப்பியை மாட்டியிருந்தாள். அவளும் சுவரைப் பார்த்துப் பார்த்து வாயைத் திறந்து மூடினாள். ஒன்றும் வரவில்லை.

"தீந்துடுச்சா சித்தி?" என்றாள்.

அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே, "கேளேன், எனக்கும் தெரியணும்" என்றாள்.

சித்தி பசைக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "குளிர்காலத்துக்கு முன்னாடி ஆடு கழிப்போமில்ல? இருக்கற தீவனத்துக்கு எத்தனை தாங்கும்னு பாத்து, மிச்சத்த வித்துடுவோம். இந்த வயசுல மூளையும் அப்படித்தான். பயன்படுத்தற இணைப்ப வச்சுக்கும், பயன்படுத்தாதத கழிச்சுடும்."

"அப்ப கழிச்சாச்சு" என்றாள் அம்மா. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "நான் சொன்னா யாரு கேக்கறா, இப்ப மெஷினே சொல்லிடுச்சு."

"அக்கா, நான் அப்படிச் சொல்லல."

பெகிமாயின் முகம் தொங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா தாலாய் அடுப்படியிலிருந்து ரொட்டித் தட்டோடு வந்தார். ரஷ்யாவில் ரொட்டி ஆலையில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே கற்றுக்கொண்டு வந்த ரொட்டியை வீட்டில் சுடுகிறார். பல்லுக்குச் சவாலான ரொட்டி. கொழுந்தியாளைக் கண்டால் சீண்டாமல் விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சீண்டாத அத்தானை யாரும் மதிக்கமாட்டார்கள். தட்டை வைத்துவிட்டு மேசையில் தாளம் தட்டினார்.

"முப்பத்தி நாலு வயசாச்சு, மூளை தேடி ஊர் சுத்துது,
மாப்பிள்ளை தேடச் சொன்னா இது மண்டை தேடிப் பாக்குது!"

அம்மா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லாவிட்டால் கொழுந்தியாளுக்கு மானக்கேடு. சித்தி வாயைத் திறந்தாள். படித்த படிப்பு ஒன்றும் உதவவில்லை. "அத்தான், ரெக்கார்டிங் போய்க்கிட்டிருக்கு" என்றாள் பரிதாபமாக.

"ரெக்கார்டிங் போகட்டும், பதில் எங்க?"

அப்போதுதான் பெகிமாய் பாடினாள். பாடவேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை.

"மண்டை தேடி வந்தவங்க உன் வாசல் தாண்டிப் போனாங்க,
உள்ளே ஏதும் இருக்கான்னு தட்டிப் பாத்துட்டுப் போனாங்க!"

அப்பா தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். சித்தி கண் கொட்டாமல் அவளையே பார்த்தாள். அப்பாவுக்குச் சூடு ஏறிவிட்டது. மகள் என்றும் பார்க்கவில்லை.

"தட்டிப் பாத்த சித்திக்குத் தானா வந்த வக்கீலே,
மேடையில உன் பாட்டெல்லாம் மாட்டிக்கிச்சா தொண்டையிலே?"

பெகிமாய்க்கு உடனே பதில் வந்துவிட்டது. அப்பா ரஷ்யாவிலிருந்து திரும்பி வாசலில் நின்ற அன்று அவளுக்கு எட்டு வயது. போனில் பார்த்த முகம்தான், ஆனாலும் நேரில் தெரியவில்லை. அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டாள். அந்த வரி தாளத்தோடு, எதுகையோடு, கூர் தீட்டி வந்து நாக்கில் நின்றது.

அவள் பாடவில்லை. அப்பாவின் கையில் மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். மேசைமேல் அவருடைய விரல்கள் தட்டிக்கொண்டே காத்திருந்தன. அம்மா, சரி, மறுபடியும் அதே கதைதான் என்பதுபோலக் கோப்பைகளை எடுக்க எழுந்தாள். பெகிமாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டையில மாட்டினது அப்பா சுட்ட ரொட்டிதான்,
முழுங்கி முடிச்சு வந்துட்டேன், மறுபடி போடு போட்டிதான்!"

அம்மா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சித்தி மட்டும் சிரிக்காமல் திரையில் பதிவான கோடுகளைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தாள். "எல்லாம் குப்பை. வாய் அசைஞ்சா தாடையோட மின்சாரம் வந்து மொத்தத்தையும் மூடிடும். இங்க வா, இந்த இடத்தப் பாரு."

காடாகக் கிறுக்கிய கோடுகளுக்கு நடுவே கொஞ்சம் தெளிவாக ஒரு இடம்.

"நான் சும்மா இருந்தது" என்றாள் பெகிமாய்.

"சும்மாவா? நெத்திக்குப் பின்னால இருக்கற கோடு எப்படிக் கனத்துப் போயிருக்கு, பாரு. முதல்ல சுவரப் பாத்து உக்காந்திருந்தப்ப இப்படி இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு தடவய வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. ஆனா உன்னக் கேக்கலாமில்ல? நூருஸ் அன்னிக்குச் சொல் வரலையா, வந்தத நீ நிறுத்தினியா?"

இத்தனை மாதத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"வந்துச்சு" என்றாள் மெதுவாக. "உங்கப்பா ரஷ்யா போய் மாவுக் கையோட வந்தாருன்னு எர்மெக் பாடினான். அவங்கம்மா மாஸ்கோ போனவங்க, திரும்பி வரவே இல்ல. அத வச்சு ஒரு வரி வந்துச்சு சித்தி. நல்ல வரி. பாடியிருந்தா கூட்டம் எந்திரிச்சு நின்னிருக்கும். அவன் மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டிருந்தான்."

"பத்து வயசுல பாடியிருப்ப."

"கண்டிப்பா."

"பத்து வயசுல நெத்திக்குப் பின்னால அந்தத் தடுக்கற இடம் இவ்வளவு வளந்திருக்காது. இப்ப வளருது. அன்னிக்கு நிறுத்தத் தெரிஞ்சுது, நிறுத்தின பிறகு எங்க போறதுன்னு தெரியல. இன்னிக்குப் போயிட்ட." சித்தி தொப்பியைக் கழற்றி அவள் தலையைத் துவட்டிவிட்டாள். "கழிஞ்சு போகல அக்கா" என்றாள் அம்மாவைத் திரும்பிப் பாராமல். "ஆனா தீவனம் போடலன்னா கழியும்."

அம்மா முக்காலியைப் போட்டு ஏறி, ஞாயிற்றுக்கிழமைக்காகத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்திருந்த கோமுஸை எடுத்து, சுற்றைப் பிரித்து மகள் மடியில் வைத்தாள். "தந்தியெல்லாம் தளந்து கெடக்கு. முறுக்கு. மாமா மகளுக்கு வேற பாத்துக்கலாம்."

பெகிமாய் முறுக்கத் தொடங்கினாள். அப்பா தட்டிலிருந்து தன் ரொட்டியையே ஒரு துண்டு பிய்த்து நெடுநேரம் மென்றார்.

"எனக்காக ஒண்ணு நிறுத்தினியே, அது என்ன வரி?"

"சொல்ல மாட்டேன்ப்பா."

"'யாரும்மா இந்த மாமா'. அதானே?"

பெகிமாய் தலையைத் தூக்காமல் தந்தியைச் சுண்டிப் பார்த்தாள். இன்னும் சுதி சேரவில்லை.

"அடுத்த தடவ பாடிடு" என்றார் அப்பா. "நான் தாங்கிக்குவேன்."

"பாடினா பதில் சொல்லணும்ப்பா. அதான சட்டம்."

"தெரியும். ஏழு வருஷமா தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."