வேறொரு போனில் படித்த பக்கம்

'சம்மதம்' என்ற பொத்தானுக்கு மேலே எழுதியிருப்பதை இந்த உலகத்தில் யாரும் படிப்பதில்லை. பெரியவள் படிப்பாள். மருந்துக்கடையில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தையே ஒரு வரி விடாமல் படிக்கிறவள். அதனால் புத்தகம் படிக்கிற செயலி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீளமாக ஓர் அறிவிப்பை நீட்டியபோது, டப்பாவை மூடி வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம், எங்கே கோடு போட்டோம் என்று எல்லாவற்றையும் செயலி குறித்து வைத்துக்கொள்கிறதாம். கழுதை, வைத்துக்கொண்டு போகட்டும் என்று மேலே நகர்ந்தாள். கடைசிக்கு முந்தின பத்தியில்தான் இடி விழுந்தது. ஒரே கணக்கை இரண்டு பேர் வைத்துக்கொள்வது இனிமேல் நடக்காது. இந்த மாதக் கடைசியில் இரண்டாவது போனுக்குத் தனிக் கணக்கு. ஒருவர் படிக்கும் பக்கம் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் அந்தரங்கத்தைக் காப்பதே எங்கள் நோக்கம் என்று வேறு அக்கறையாக முடித்திருந்தார்கள்.

அந்த இரண்டாவது போன் அவள் தங்கையுடையது. சின்னவள் கடல் தாண்டி இருக்கிறாள். இருவரும் பேசி வருஷங்கள் ஆகின்றன.

ஒரு காலத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படித்தவர்கள். நூலகத்தில் வீட்டுக்கு ஒரு அட்டைதான், ஒரு தடவைக்கு ஒரு புத்தகம்தான். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நடுவில் புத்தகத்தை வைத்து, இரண்டு தலையும் முட்ட முட்டப் படிப்பார்கள். பெரியவளுக்கு வேகம். பக்கத்தின் அடிக்குப் போய் நின்றுகொண்டு, முடிச்சியா முடிச்சியா என்று பிடுங்கி எடுப்பாள். சின்னவள் விரலை வைத்து நிதானமாக ஊர்ந்து வருவாள். அவசரப்படுத்தினால் வேண்டுமென்றே முதல் வரிக்குத் திரும்பிப் போவாள். அம்மா வந்து இருவர் முதுகிலும் ஆளுக்கொன்று வைத்தால்தான் பக்கம் புரளும். அந்தச் சுகம் பிறகு எந்தப் புத்தகத்திலும் பெரியவளுக்குக் கிடைக்கவில்லை.

சின்னவள் வெளிநாடு போனதும் ஒரே கணக்கில் இரண்டு போனையும் சேர்த்துக்கொண்டதே அந்த ஆசையில்தான். அப்புறம் அம்மா இறந்து போனாள். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, விருந்தாளி மாதிரி வந்து போகிறவளுக்கு என்ன தெரியும் என்று இவள் கேட்டாள். பக்கத்திலேயே இருந்து நீ என்ன கிழித்தாய் என்று அவள் கேட்டாள். இரண்டும் கேட்டிருக்கக் கூடாத கேள்விகள். இரண்டு பேருமே அழுத்தக்காரிகள். பேச்சு அன்றோடு நின்றது.

ஆனால் கடவுச்சொல்லை இவளும் மாற்றவில்லை, கணக்கை விட்டு அவளும் போகவில்லை. இவள் புதுப் புத்தகம் ஒன்றை வாங்கிப் போட்டால் சில நாளில் செயலி கேட்கும்: 'வேறொரு போனில் நாற்பதாம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். அங்கே போகலாமா?' வேண்டாம் என்று அழுத்திவிட்டு, பெரியவள் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள், இன்னும் ஆமை மாதிரிதான் படிக்கிறாள். அவளுக்கு அது போதும்.

பெரியவளின் கணவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். அவருக்கு இந்த ரகசியம் தெரியும். உளவுத்துறையில் சேர வேண்டியவள், மருந்துக்கடையில் வீணாய்ப் போகிறாய் என்று கிண்டலடிப்பார். அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது மட்டும் அவர் கிண்டல் செய்யவில்லை.

"ஒரு போன் போட்டா முடிஞ்சு போற வேலை. அதுக்கு மட்டும் உனக்குக் கை வராது," என்றார்.

கை வரவில்லைதான். மறுநாள் தங்கைக்குப் பதிலாகச் செயலியின் உதவி எண்ணுக்குப் போட்டாள். பேசிய பெண் தேனாய்ப் பேசினாள். இன்னொருவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், அவரிடம் அனுமதி கேட்டு அனுப்பலாம், சரி என்றால் காட்டுவோம் என்றாள்.

"அவ என் தங்கச்சிம்மா."

"இருக்கட்டும் மேடம். அவங்க சம்மதிக்கணும்ல."

அனுமதி கேட்டால் இத்தனை வருஷமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது வெட்டவெளிச்சமாகிவிடும். கேட்காவிட்டால் மாதக் கடைசியோடு தங்கை இல்லாமலே போய்விடுவாள். மானமா தங்கையா என்று நாலைந்து நாள் மென்று விழுங்கினாள். கடைசியில், காய்ச்சல் மருந்துக்கு ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு பதில் வந்தது. 'உங்கள் வேண்டுகோள் மறுக்கப்பட்டது.'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கனவே அடுக்கியிருந்த டானிக் பாட்டில்களை இறக்கி மறுபடி அடுக்கினாள். பாதி அடுக்கும்போது போன் அடித்தது.

"என்னக்கா, அனுமதியெல்லாம் கேட்டு அனுப்பியிருக்க?"

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அம்மா குரல் மாதிரி ஆகியிருந்தது.

"நீதான் மாட்டேன்னுட்டியே."

"ஆமா. நான் எப்படி இருக்கேன்னு அது சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம்." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "போன வருஷம் நீ ஒரே பக்கத்துல நின்னுட்ட. வாரக்கணக்கா. தினம் திறந்து பாப்பேன், அதே பக்கம். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். யாரைப் போய்க் கேக்கறது? அப்புறம் ஒருநாள் நகந்துச்சு. அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

தான் பார்ப்பது போலவே அவளும் பார்ப்பாள் என்பது இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பெரியவளுக்கு உறைக்கவில்லை.

"கண்ணு ஆபரேஷன்டி. படிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"கூட யாரு இருந்தா?"

"அவருதான்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருக்கணும்," என்றாள் பெரியவள்.

அப்போது பார்த்து ஒரு பெரியவர் வந்து மருந்துச் சீட்டை நீட்டினார். "ஆள் வந்திருக்காங்க. வெச்சிடாத, அப்படியே இரு," என்று போனை மேஜை மேல் வைத்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், அவருக்கு மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தாள்.