சிவந்த வயிறு

அரிகிருஷ்ணனுக்குச் சகலையைக் கண்டாலே ஆகாது. கீழ்க்கட்டளை தசரதன் நிலம் விற்ற கையோடு மாடி கட்டினான், போகட்டும். ஆனால் மீன் தொட்டி? அந்தக் குடும்பத்துக்கே மீன் தொட்டி என்றால் என்னவென்று காட்டியவன் சேலையூர் அரிகிருஷ்ணன் அல்லவா! மாமனார் பொன்னுரங்கம் முன்பெல்லாம் இவன் தொட்டிக்கு எதிரேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். தசரதன் ஒரு பெரிய தொட்டி வாங்கியதிலிருந்து அவர் கீழ்க்கட்டளையே கதி என்று கிடந்தார். அந்தப் பொறாமை இவனைத் தூங்கவிடவில்லை.

விட்டதைப் பிடிக்க, ஆப்பிரிக்கக் குகை மீன் ஒன்று வாங்கிவந்தான். கொஞ்ச நாளிலேயே தசரதனும் அதே ஜாதியில் ஒன்று வாங்கிவிட்டான். அவனுடையது வாலை விரித்துக்கொண்டு தொட்டி முழுக்க மாப்பிள்ளை ஊர்வலம் போயிற்று. இவனுடையதோ, குகைக்காகப் போட்ட கொட்டாங்குச்சிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னா மாப்ள, காலித் தொட்டிக்கு லைட்டு போட்டு வச்சிக்கீறே?" என்றார் மாமனார். அரிகிருஷ்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒருநாள் பார்த்தால் மீனின் வயிறு செக்கச்செவேலென்று உப்பியிருந்தது. தீனிக்கும் வெளியே வரவில்லை. சீக்குதான் என்று முடிவுகட்டினான். வருத்தமாக இருந்தது, வருத்தத்தின் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. சீக்கு மீன் ஒன்று போதும், தொட்டி மொத்தமும் செத்து மிதக்கும். மிதக்க வேண்டிய இடத்தில் மிதக்கட்டுமே!

பாலிதீன் பையில் மீனைக் கட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு வண்டியை விட்டான். "உன்து ஒண்டியா கீது தசரதா. இதையும் வுட்டுக்கோ," என்றான், தேன் ஒழுக.

"ஆசையா வாங்கினதாச்சேண்ணா."

"சொந்தத்துக்குள்ள உன்து இன்னா, என்து இன்னா?"

அன்றிலிருந்து கீழ்க்கட்டளையிலிருந்து யார் வந்தாலும் மீன் நலம்தான் முதலில் விசாரித்தான். "எந்தங்கச்சியக் கேக்காம மீனக் கேக்குது பாரு இந்த ஆளு," என்று மனைவி ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தசரதன் மாமனாரை அழைத்துக்கொண்டு, லட்டு டப்பாவோடு வந்து நின்றான்.

"புள்ளத்தாச்சிய எங்க வூட்டுக்கு அனுப்பிட்டு, ஒண்ணுந் தெரியாத மாரி உக்காந்துகினு கீறியேண்ணா. தொட்டி பூரா குஞ்சு. வயிறு செவந்தா முட்டை வக்கிற நேரமாம், கடைக்காரர் சொன்னாரு. பொண்ணு குடுத்துட்டே, இனிமே நாம சகலை இல்ல, சம்பந்தி."

"தலப்பிரசவத்த நம்ம வூட்ல பாக்காம அனுப்பிட்டியே," என்று ஜெயக்கொடி சிரித்தாள்.

மாமனார் ஒரு லட்டை எடுத்து இவன் வாயருகே கொண்டுவந்தார். கிழவரின் கண் கலங்கியிருந்தது. "சகலைக்கு இப்டித் தூக்கிக் குடுக்குற மனசு எவனுக்கு வரும்? தெரிஞ்சுதான மாப்ள குடுத்தே?"

தெரியாது என்றால் மடையன். எதற்காகக் கொடுத்தான் என்று சொன்னாலோ, இந்தக் குடும்பத்தில் தலைகாட்ட முடியாது.

"தெரிஞ்சுதான் மாமா," என்று சொல்லி அரிகிருஷ்ணன் வாயைத் திறந்தான்.