உப்பு இறங்கிய மண்

செடிகள் செத்துப்போன அன்று மங்கை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

கீரை முளைத்து, இரண்டு இலை விட்டு, ஓரம் கருகித் தலை சாய்ந்திருந்தது. தக்காளி நாற்றும் அப்படித்தான். தண்ணீர் குறையவில்லை, வெயிலும் அதிகமில்லை. மொட்டை மாடியின் கிழக்கு மூலையில், பழைய பெயிண்ட் பக்கெட்டுகளுக்கு நடுவே குந்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கருவாட்டில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்கும் பழக்கத்தில், விரல்நுனியில் துளி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு. ஐயமில்லாத உப்பு.

தவறு எங்கே நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் அதிகம் வலித்தது.

திருவொற்றியூரில் அவள் வசித்த குடியிருப்பைச் சுற்றியிருந்த தரையெல்லாம் உடைந்த கான்கிரீட்டும் சாம்பலும் கொட்டி மேடாக்கியது. அங்கே யாரோ நட்ட முருங்கை ஒரு ஆள் உயரம் வளர்வதற்குள் பட்டுப்போனது. “இந்தப் பக்கம் ஒண்ணும் வெளையாதுக்கா” என்று எல்லோரும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருத்தம் இருந்ததாக மங்கைக்குத் தோன்றவில்லை. ஒருவகை நிம்மதிதான் தெரிந்தது. இனி எதையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தரை சரியில்லை என்றால் மண்ணை நாமே செய்துகொள்வோம் என்று மாடிக்கு ஏறியவள் அவள்.

புழல் பக்கத்து நர்சரியிலிருந்து செம்மண் வந்தது. தேங்காய் நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தாள். காய்கறித் தோலும் டீத்தூளும் போட்டு மக்கவைத்த உரம், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு, பொடித்த முட்டை ஓடு. கடைசியாக, மீன் வெட்டுகிற இடத்திலிருந்து கொண்டுவந்த பச்சைக் குடலையும் செதிலையும் அடியில் புதைத்தாள். மீன் கழிவு மண்ணுக்கு நல்லது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாற்றம் வந்தது. கூடவே ராமதாஸும் வந்தான்.

மேல்மாடி வீடு ராமதாஸுடையது. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். மாடியின் மறுபாதியில், பறக்கும்போது கரணமடிக்கும் கர்ணப்புறாக்களுக்குக் கூண்டு கட்டியிருந்தான். இன்னொரு கூண்டுக்குக் கிழக்கு மூலையின்மேல் கண் வைத்திருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“இன்னாக்கா இது, கலீஜா கீது? புறாவே மூக்க மூடிக்கினு பறக்குது.”

“ஒம் புறா பேல்றது மட்டும் சாம்பிராணி வாசனையா?”

அப்படிக் கேட்டாளே தவிர, அன்று அவள் பணிந்துபோனாள். அக்கம்பக்கத்து மனிதர்கள், எதற்குப் பேஜாரு என்று நினைத்தாள். பச்சை மீனை விட்டுவிட்டு, தான் வேலை செய்யும் கருவாட்டு மேட்டிலிருந்து காய்ந்த தலைகளையும் துண்டுகளையும் கொண்டுவந்து இடித்துக் கலந்தாள். அது அவ்வளவு நாறாது, புழு வைக்காது. ஏன் நாறாது, ஏன் புழு வைக்காது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து உப்போடு இருப்பவளுக்கு, உப்பு தனியாக ஒரு பொருள் என்பதே மறந்துபோயிருந்தது.

எதிர்வீட்டு சௌமியா மேலே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். “கொழம்புக்குக் கீரைய பறிச்சுட்டு உப்பு போடுவாங்க. நீ செடியிலயே போட்டு வச்சிட்டியேக்கா!”

மங்கையும் சிரித்தாள். உள்ளே எதுவோ சிரிக்கவில்லை. மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். அதுவே மண்ணைக் கொன்றிருந்தது.

கருவாட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து மண்ணைச் சலித்தாள். உப்பை இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். குழாயில் வரும் போர்வெல் தண்ணீரே உப்பு. லாரித் தண்ணீர் குடிக்கவும் ஆக்கவும்தான் போதும். மழைதான் ஒரே வழி. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. அவள் மண்ணைக் கோணிமூட்டைகளில் கட்டி மாடியிலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ராமதாஸ் அதையே எடுத்தான். “போன மழைக்கு எங்க வூட்டுக் கூரை ஒழுகி டிவி போச்சு. இந்த வருசம் மண்ணு மூட்ட வேற. மழைக்கு முன்னாடி மாடி காலியாவணும்.”

அவன் சொன்னதில் பாதி உண்மை. கூரைத் தளத்தில் ஈரக்கறை இருந்தது அவளுக்கும் தெரியும்.

“செங்கல்லு அடுக்கி மேல வைக்கிறேன். ஒழுகுற தண்ணிக்கு அடியில பக்கெட்டு வைக்கிறேன்” என்றாள்.

“செத்த மண்ண வச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற?”

“அது என் மண்ணு. நான் எடுக்க மாட்டேன்.”

வீட்டில் கணவன் கருணாகரன் கடலிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தான். சோற்றைப் பிசைந்தபடி, “வுட்டுரேன் மங்க” என்றான். அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவைத்தான். கதவருகில் செருப்பை மாட்டும்போது, “செங்கல்லு எவ்ளோ வேணும்?” என்று கேட்டான்.

செங்கல் வருவதற்குள் மூட்டைகள் போய்விட்டன. அவள் வேலையிலிருந்து திரும்பும்போது சௌமியா படியிலேயே நிறுத்தினாள். “ராமதாஸ் ஆள வச்சு எறக்கிட்டான்க்கா. சுவத்தோரம் தூக்கிக் கடாசிட்டுப் போய்ட்டானுங்க.”

மங்கை ஓடினாள். மூட்டைகள் மதிற்சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று வாய் பிரிந்திருந்தது. அதைக் கட்டி நிமிர்வதற்குள் முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாய் எடுத்துவரத் திரும்பியவள், இந்த மழைக்குத்தானே காத்திருந்தோம் என்று அப்படியே நின்றாள்.

மழை வலுத்தது. கோணியின் இழைகளிலிருந்து கலங்கல் நீர் கசிந்து, சிமெண்ட் வடிகாலுக்குள் இறங்கியது. அவள் குனிந்து அந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல்நீர் போலக் கரித்தது.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மூட்டைகளை இறக்கி, தனித்தனியாகப் பரப்பிவைத்தாள். பிறகு அங்கேயே நனைந்துகொண்டு நின்றாள். மேலே ஜன்னல்களில் முகங்கள். யாரும் கூப்பிடவில்லை, அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடியில் வைத்திருந்தால் இவ்வளவு தண்ணீர் ஓட விட்டிருப்பார்களா என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கசியும் நீரைச் சுவைத்தாள். கரிப்பு குறைந்தது. ஒருநாள் வெறும் மண்வாசனை மட்டும் இருந்தது.

வானம் வெளுத்த காலையில், எல்லோரும் தண்ணீர் பிடிக்க வரும் இடத்தில் தார்ப்பாயை விரித்து மண்ணைக் கொட்டினாள். அலசிப்போன மண்ணில் சத்து இல்லை. வீட்டில் மக்கவைத்திருந்த உரத்தைச் சேர்த்தாள். நார்த்தூள், புண்ணாக்கு. அப்புறம் மதிற்சுவரின் மூலைக்குப் போனாள். ராமதாஸ் வருடக்கணக்காகக் கூண்டைக் கூட்டி மேலிருந்து தள்ளிய புறா எச்சம் அங்கே மக்கி, கறுத்த எருவாகக் குவிந்திருந்தது. அன்னக்கூடையில் அள்ளினாள்.

“ஏய், அது எம் புறாவுது” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“ஆமா நைனா. நல்லா தின்னக் குடுத்துக்கிற. மண்ணு சூப்பரா கீது!”

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். மங்கை இரண்டு கையாலும் கலந்தாள். பிடித்தால் உருண்டையாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது.

துணியைச் சும்மாடாகச் சுற்றி, அன்னக்கூடை நிறைய மண்ணைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ராமதாஸ் தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றான்.

“சங்கத்து முடிவுக்கா.”

அவள் கூடையை இறக்கி, பூட்டுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு கீற?”

அவன் உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். மேலே வானத்தில் அவன் காலையில் விட்ட புறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை இறங்கும் நேரத்தில் அவன் மாடியில் நின்று தானியம் காட்டி விசிலடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கூண்டுக்காரன் தன் கூண்டுக்கு இழுத்துக்கொள்வான். இது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வெயில் சாய்ந்தது. சௌமியா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கருணாகரன் கீழிருந்து இரண்டு கையிலும் செங்கல்லோடு ஏறிவந்து, ஒரு படி கீழே நின்றான். தலைக்கு மேலே சிறகடிக்கும் சத்தம் தாழ்ந்து வந்தது.

ராமதாஸ் சாவியோடு வந்தான். “மறுபடி ஒழுகுச்சின்னா?”

“வந்து கூப்புடு. நானே கீழ தூக்கினு போறேன்” என்றாள் மங்கை. “மழ நின்னதும் திரும்பத் தூக்கினு வருவேன். எத்தினி வாட்டி எறக்குறியோ, அத்தினி வாட்டி.”

அவன் அவளைத் தாண்டிக் கை நீட்டிப் பூட்டைத் திறந்தான். அவள் எழுந்து வழிவிடவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவனுக்கு முன்னால் மாடிக்குள் போனாள்.