மச்சான் அம்பயராக நின்ற ஆட்டம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்திக்கொண்ட அன்று ஒரு மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையிலிருந்து ஒரு சாமான் வந்துசேரக் காத்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் முகம் வெயிலில் கறுத்து, மூக்கின் மேல் மட்டும் தோல் உரிந்திருந்தது.

"வெயில்ல நிறைய வேலையோ?" என்று கேட்டேன்.

"வேலையெல்லாம் நிழல்லதான் சார். கிரிக்கெட்தான் வெயில்ல."

அப்படி ஆரம்பித்தது. அவர் சொன்னதுதான் முக்கால்வாசி. மீதியை இட்டுக்கட்டியது நான்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "பொன்னிற மாலை வெயிலில் பதினொரு வீரர்களும் கம்பீரமாக மைதானத்தில்…" அதோடு பேனாவை வைத்துவிட்டேன். அந்த அணியில் பதினொரு பேர் ஒன்றாகச் சேர்ந்து வந்ததே அபூர்வம். கம்பீரம் பக்கத்து ஊரில்கூட இல்லை.

இரண்டாவது முயற்சி: "அந்த அணி அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை." இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அந்த அணி அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி. கேப்டன் ஒரு பேக்கரிக்காரர். விடியற்காலையில் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வருவதால் ஸ்லிப்பில் நின்றபடியே தூங்கக்கூடியவர். மெக்கானிக்தான் விக்கெட் கீப்பர். அவருடைய தங்கையின் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பேட்டை நேராகப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். மெக்கானிக் அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அணியில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். எதிரணிக்காரர்கள்கூட, "மாப்பிள்ளையைத் தூக்கிட்டா போதும்டா" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

சீசன் பாதியில் தங்கை தன் பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காரணம் ஒரு மருந்துக்கடை. அங்கே வேலைக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. ஏன் வேண்டாம் என்றாள். வார்த்தை தடித்தது. "சொந்தக் கால்ல நிக்கணும்னா உங்க அண்ணன் வீட்ல போய் நில்லு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வந்த சூட்டோடு வேலையிலும் சேர்ந்துவிட்டாள்.

(இங்கே அவளை அழவைத்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அழுதாளா என்று மெக்கானிக்கிடம் கேட்டதற்கு அவர், "இல்ல சார். வந்ததும் எங்க வீட்டு ஃபிரிட்ஜைத் துடைச்சா. மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜ் எந்த லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா" என்றார். அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பேருமே கிரிக்கெட்டை விடவில்லை. விட்டால் மற்றவன் ஜெயித்ததாகிவிடும் என்ற பயம். (இது என் ஊகம். மெக்கானிக் மறுக்கவில்லை.)

3

கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பேட் பிடிக்க வேண்டி வந்தது. நன்றாகவே ஆடினார்கள். பவுண்டரியாக அடிக்கும்வரை பேச்சு எதற்கு? சிக்கல் ஒரு சின்னத் தட்டலில் வந்தது. மாப்பிள்ளை பந்தைத் தட்டிவிட்டு ஓடி வந்தார். "வா" என்று கூப்பிட வேண்டும், கூப்பிடவில்லை. மெக்கானிக் "வேண்டாம்" என்று கத்த வேண்டும், கத்தவில்லை. இரண்டு பேரும் ஒரே முனையில் தோளோடு தோள் நின்று, மறுமுனையில் ஸ்டம்ப் விழுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

தோற்றது சொற்ப ரன்னில். பேக்கரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க பேச வேணாம்ப்பா. கையைக் காலையாவது ஆட்டுங்க. ஊமைங்களே ஒழுங்கா ரன் ஓடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக்குக் காது சுட்டது. வீட்டுக்குப் போனதும் தங்கை, "என்னண்ணா ஆச்சு?" என்று கேட்டாள். "தோத்துட்டோம்" என்றார். "அவர் அடிச்சாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வி மெக்கானிக்கைத் தூங்கவிடவில்லை.

4

கடைசி ஆட்டம். அப்பா ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை ஒற்றைக் காலில் நின்றது. தங்கை அதைக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லைக்கோட்டை ஒட்டிய மரத்தடியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அன்றைக்குப் பேட் செய்யப் போகும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனாராம். அணியில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

மெக்கானிக் சீக்கிரமே அவுட். அதனால் அம்பயர் வேலை அவர் தலையில் விழுந்தது.*

* தெரியாதவர்களுக்கு: இம்மாதிரி ஆட்டங்களில் தனி அம்பயர் கிடையாது. பேட் செய்யும் அணியில் அவுட்டாகி வந்தவரே போய் நிற்க வேண்டும். சொந்த ஆளுக்கே விரல் தூக்குகிற வேலை. யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை.

மாப்பிள்ளை அன்றைக்கு வெளுத்து வாங்கினார். ஒவ்வொரு பவுண்டரிக்கும் மரத்தடியில் குழந்தை குதித்தது. ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் வேண்டும். பேக்கரிக்காரர் தூக்கம் தெளிந்து எழுந்து நின்றுவிட்டார். அப்போது ஒரு பந்து பேட்டைக் கடந்து கீப்பர் கைக்குப் போனது. போகிற போக்கில் மெல்லிய ஒரு "டிக்"; பேட்டில் பட்டிருந்தால் அவுட். எதிரணி மொத்தமும் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தியது. மாப்பிள்ளை அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னைப் போன்ற எழுத்தாளனுக்கு இது அல்வா மாதிரியான இடம். விரலைத் தூக்கினால், பழி தீர்த்துக்கொண்டான் என்பார்கள். தூக்காவிட்டால், தங்கைக்காக மாப்பிள்ளைக்குச் சாதகம் பண்ணுகிறான் என்பார்கள். மெக்கானிக்கின் மனதுக்குள் புகுந்து இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு ஒருநாள் அவரிடம் படித்துக்காட்டியபோது சங்கடமாகச் சிரித்தார்.

"அவ்வளவெல்லாம் யோசிக்கல சார். சத்தம் கேட்டுச்சு. கை மேல போயிடுச்சு. அப்புறம்தான் ஐயோன்னு இருந்துச்சு."

இரண்டு பக்கமும் போயிற்று.

5

மாப்பிள்ளை மெதுவாக நடந்து வெளியே வந்தார். பேக்கரிக்காரர் கோட்டைத் தாண்டி உள்ளேயே ஓடி வந்துவிட்டார்.

"வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்க மாட்டியாய்யா? வருஷத்துக்கு ஒரு மேட்ச் ஜெயிக்கலாம்னு பாத்தா!"

மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மெக்கானிக் ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றார். அவர் கண் மரத்தடியில் இருந்தது. தங்கையின் வாழ்க்கையில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

தங்கை எழுந்தாள். கணவனுக்கு நேரே வந்து நின்றாள். வீட்டை விட்டு வந்த பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது:

"பட்டுச்சா?"

(இங்கே மாப்பிள்ளை "இல்லை" என்று சொல்லும் ஒரு கதையும் என்னிடம் இருந்தது. அதில் அவர் சுலபமான வில்லன். எழுதுவதற்கு வழுக்கிக்கொண்டு போனது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துவிட்டேன்.)

அவர் கையுறையைக் கழற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டுச்சு" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சத்தமாக, "பட்டுச்சுப்பா. மச்சான் குடுத்தது சரிதான். அவர் கை தூக்குறதுக்கு முன்னாடி நானே நடந்து வந்திருக்கணும். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

பேக்கரிக்காரர் கையை உதறிக்கொண்டு நகர்ந்தார். ஆடுகளத்தில் மெக்கானிக் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். இதை என்னிடம் சொல்லும்போது ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய் எதையோ திருகிக்கொண்டிருந்தார். முடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆட்டம் தோற்றுப்போனது. ஜெயிக்கவைக்க எனக்குக் கை அரித்தது. கடைசிப் பந்தில் பேக்கரிக்காரர் ஒரு சிக்ஸர் அடித்தால் என்ன? "சிக்ஸரா? பந்து அவர் பேட்ல பட்டாலே நாங்க கைதட்டுவோம்" என்றார் மெக்கானிக். ஆகவே தோல்விதான். சீசன் முழுக்கத் தோல்வி.

6

சில நாள் கழித்து மாப்பிள்ளை மெக்கானிக் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மெக்கானிக்கின் மனைவி டீ கொடுத்தாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அவ வேலைக்குப் போகட்டும்னு நான் சொன்னா, வீட்டுக்கு வருவாளா?"

"அவ ஏற்கெனவே வேலைக்குப் போயிட்டுத்தானே இருக்கா. நீங்க என்ன போகட்டும்னு சொல்றது?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "வேற என்ன சொல்லட்டும்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? உள்ள ரூம்ல துணி மடிச்சிட்டிருக்கா. அவகிட்டயே கேளுங்க."

மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. மெக்கானிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவிக்கும் கண் காட்டிவிட்டு, தெருமுனைவரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். ஒட்டுக்கேட்கக் கூடாது என்றுதான். நல்ல மனிதர்கள் இப்படித்தான் கதையைக் கெடுக்கிறார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"பேசிட்டிருக்காங்க சார். இன்னும் முடிவாகல" என்றார்.

எத்தனையோ முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஒன்றில் மாப்பிள்ளை அங்கேயே குடிவந்து, மச்சானோடு ஒரே வீட்டில் அடித்துக்கொள்கிறார். இன்னொன்றில் அவள்… இல்லை, அது சரியில்லை. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. மாப்பிள்ளை பேசுகிறார், மச்சான் பேசுகிறார், நான் பேசுகிறேன். இந்தக் கதையே அவள் எடுத்த முடிவால்தான் நடந்தது. அவளுக்கு நான் கொடுத்த பேச்சு கைவிரலில் அடங்கிவிடும்.

எனவே நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். அறைக்கதவு திறந்துதான் இருக்கிறது. கட்டிலில் பாதி மடித்த துணி. மாப்பிள்ளை நிலைப்படியில் கை வைத்து நிற்கிறார். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

முடிவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் மட்டும் அவளுடையதாக இருக்கட்டும். அவள் பேசி முடிக்கும்வரை அவரைக் குறுக்கே பேச விடாதீர்கள்.