பிறந்த வீட்டுக் கோடி

நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் எங்கள் ரிக் வண்டி தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. அக்கா வள்ளியாத்தாள் இறந்துவிட்டாள். 1984, மாசி மாதம். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான்.

சாயங்காலமே பம்பாய் வந்து, அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கினேன். ஊர் ரைஸ் மில்லுக்கு டிரங்க் கால் போட்டு, அக்கா வீட்டுக்காரர் சின்னண்ணனைக் கூப்பிடச் சொன்னேன்.

“காத்தால பிளேன்ல வாரனுங்க மச்சான். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். என் கோடி உளுகாம தூக்கிறாதீங்க.”

“வா மாப்ள. ஐஸ் வெச்சிருக்கறோம். காத்திருக்கறோம்” என்றார்.

அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை. தனியாகப் போகப் பயந்து, ரிக்கில் வேலை செய்யும் எங்கள் ஊர் ராசுவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். ராசு என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார்.

காலையில் கோயமுத்தூர் விமானம் ஓடத் தொடங்கியது. வேகம் கூடக் கூட முதுகு நாற்காலியோடு ஒட்டியது. திடீரென்று இரைச்சல் மாறி, உடம்பு முன்னால் பாய்ந்து, பெல்ட் வயிற்றை இறுக்கியது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. பிரேக் கருகும் நாற்றம் வந்தது. விமானம் தரையிலேயே நின்றுவிட்டது.

வேகம் காட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லையாம். எழும்புவதற்குள் பைலட் அதைக் கவனித்து நிறுத்திவிட்டார். மாற்றிப் போட இரண்டு மணி நேரம் ஆகும் என்று எங்களை இறக்கி உட்கார வைத்தார்கள்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பது மற்ற எல்லோரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்ரசரில் பிரஷர் முள் ஆடினால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறவன் நான். நிறுத்தாதவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் மறுபடி ஏறக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை.

“பொறப்பட்ட காரியம் நின்னுபோச்சு ராசு. சகுனம் செரியில்ல. நான் ரயில்ல வாரேன்.”

“ஏனுங்க, பழுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்துன ஆளுங்க அவரு. அவரை நம்பாம வேற ஆரை நம்பறது? அங்க அக்காவப் போட்டு வெச்சிருக்கறாங்க. வாங்க சாமி.”

சேலைப் பையை அவர் கையில் திணித்தேன். சகுனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குச் சாகப் பயம். அக்கா செத்துக் கிடந்ததைவிட நான் செத்துவிடுவேனோ என்பதுதான் பெரிதாக இருந்தது.

ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குல்பர்கா தாண்டும்போது, அந்த விமானம் விழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். விழுந்திருந்தால் நான் செய்தது சரியாகியிருக்கும். ராசு உள்ளே இருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்படியும் ஒரு மனம்.

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனபோது வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டு வந்து மச்சான் தூணோரம் உட்கார்ந்திருந்தார். தள்ளி ராசு நின்றார்.

“பன்னண்டு மணிக்கே தூக்கோணும்னாங்க. நாந்தான் உடல” என்றார் மச்சான். “மூணரைக்கு ராசு வந்தாரு. ‘தம்பி குடுத்து உட்டாருங்க அக்கா’ன்னு சொல்லிக் கோடி போட்டாரு.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பழுது பாத்ததுக்கப்புறம் பாரம் கொறைக்கோணும்னு ஒன்னைய எறக்கி உட்டுட்டாங்களாமா? ராசு சொன்னாரு. கெஞ்சிப் பாத்தியாம்.”

ராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க மச்சான்” என்றேன்.

“நீ என்ன மாப்ள பண்ணுவே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். நானும் அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.