பார்க்காத மீன்

மரக் கெளுத்தியின் வயிற்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. மனைவி டீ கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்து, "அங்கயே வை" என்றார் லேத்துக்காரர். நிழல் நகரவில்லை. "அண்ணே" என்ற குரல் கேட்டதும் கை நின்றது. பதினோரு மாதமாக அந்தக் குரல் இந்த வீட்டுப் பக்கம் வந்ததில்லை. அவரும் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை.

ஏரியில் மூழ்கிச் செத்துப்போன நண்பனின் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. நண்பனை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் தக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியில் மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, கரையில் இருப்பவர்களோடு அரட்டை அடித்தபடியே அரை மணி நேரம் மிதப்பான். லேத்துக்காரருக்கோ தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே மூச்சு முட்டும். ஆனாலும் இருபத்திரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் தூண்டில் போடப் போனார்கள்.

மீன் செதுக்குவது அந்த ஞாயிறுகளில் ஒட்டிக்கொண்ட பைத்தியம். தண்ணீரை விட்டு வந்த மீனின் நிறம் கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். விராலின் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கறுப்பும் மஞ்சளும் வீட்டுக்கு வருவதற்குள் வெறும் சாம்பலாகிவிடும். லேத்துக்காரருக்கு அது பொறுக்காது. பிடித்த மீனைக் கரையிலேயே செய்தித்தாளின் மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரைந்து, ஓரத்தில் தேதியும் எடையும் எழுதிக்கொள்வார். "செத்தவனைச் சுத்திக் கோடு போடற போலீஸ்காரன் மாதிரியே இருக்கடா லேத்து" என்று தக்கை சிரிப்பான். இயந்திரங்கள் வரும் பெட்டிகளின் பலகையை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிவந்து, அந்தக் கோட்டுக்குள் அடங்கும்படி மீனைச் செதுக்குவார். ஷெட்டின் தகரச் சுவர் முழுக்க மீன்கள்தான். விரால், குறவை, ஆரல், உள்ளங்கை அளவுக் கெண்டை. ஒவ்வொன்றும் அவர்கள் பிடித்தது. பிடிக்காத மீனை அவர் ஒருநாளும் செதுக்கியதில்லை.

"உக்காரும்மா" என்று ஒரு பெட்டியைத் துடைத்து நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு என்ன மீன் மாட்டுச்சுண்ணே?" என்றாள்.

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான்."

அவர் உப்புத்தாளை நான்காக மடித்தார். "ஒண்ணும் மாட்டலம்மா."

"ஏதாவது மாட்டியிருந்தா செஞ்சு தரச் சொல்லிக் கேக்க வந்தேன். பொண்ணுக்குக் குடுக்கலாம்னு."  அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட என்ன மறைக்கறது. அதுக்காக மட்டும் வரல. அன்னிக்குக் காலைல அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்டை. அவ வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குன்னா, இவரு போகக் கூடாதுன்னாரு. நீங்க இருக்கற வரைக்கும் எனக்கு விடிவே கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அவரு சிரிச்சுக்கிட்டேதான் ஸ்கூட்டரை எடுத்தாரு. இப்ப அவ ரூமை விட்டு வெளிய வர்றதில்லண்ணே. இருந்த வேலையையும் விட்டுட்டா. என்னாலதான் போய்ட்டாருன்னு ஒரே பேச்சு."

"அவன் கால் கழுவறப்ப வழுக்கி..."

"வழுக்கி விழறவரு சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சுட்டா விழுவாரு?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. பலமுறை கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வியாக இருந்தது அது. "வாட்சைக் கழட்டி செருப்புக்குள்ள வச்சிருந்தாரு. சாமானெல்லாம் கொண்டுவந்து குடுத்தப்பவே அவ பாத்துட்டா. நீங்க எங்க மானத்தைக் காப்பாத்தத்தான் மாத்திச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. இத்தனை நாள் அதுக்கு ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லல. ஆனா அவரு தானா இறங்கினாருன்னா இப்பவாவது சொல்லிடுங்க. அழுது தீர்த்துடறோம்."

நன்றி என்ற சொல் அவரை அடித்துப் போட்டது. வாயைத் திறந்தார். வந்தது வேறு. "ஒரு வாரம் குடும்மா. மீன் செஞ்சு கொண்டுவரேன்."

அவள் அவரையே பார்த்தாள். "ஒண்ணும் மாட்டலன்னீங்க?"

"வாளை ஒண்ணு மாட்டுச்சு. கைக்கு வரல."

அவள் தலையசைத்துவிட்டு எழுந்து போனாள். மனைவி டீயோடு வந்தபோது கெளுத்தி தரையில் கிடந்தது.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் விட்டு வந்ததும் நீளமான பலகை ஒன்றை வைஸில் இறுக்கினார். வாளை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அகன்ற வாய், நீண்ட மீசை, வால் வரைக்கும் ஓடும் அடித்துடுப்பு. மூன்று நாளில் தலை வந்துவிட்டது. அதற்கு மேல் உளி ஓடவில்லை. எவ்வளவு நீளம் வைப்பது? செய்தித்தாளில் கோடு இல்லை. அந்த மீனை அவர் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையில் உணர்ந்த கனம் மட்டும்தான். அந்தக் கனத்தில் எவ்வளவு மீனுடையது என்று கணக்குப் போட்டபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

தக்கை செத்த அன்று தூண்டில் நரம்பு அவர் கையில் இருந்தது. மீன் அதை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் முழுகிக்கிடந்த மரத்தில் சிக்கவைத்துவிட்டது. "அறுத்து விடுடா. முள்ளு போனா போவுது" என்றான் தக்கை. இவர்தான் கேட்கவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்லடா. நீ இறங்கி எடுத்து விடு. நான் பிடிச்சுக்கறேன்." தக்கை முணுமுணுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். முழுகினான். கொஞ்ச நேரத்தில் நரம்பு தளர்ந்தது. உடனே கனமாக இழுத்தது. வந்துவிட்டது என்று நினைத்தார். காலைக் கல்லில் ஊன்றி, நரம்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் இழுத்தார். அந்தப் பக்கமிருந்தும் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. அவர் சந்தோஷத்தில் கத்தினார். "விடாதடா, வருது, வருது!"

பிறகு இழுப்பு நின்றது.

ஏரிக்கரைப் பம்ப் ஹவுஸிலிருந்து ஆட்கள் ஓடிவருவதற்குள் தன் பக்கத்து நரம்பை அறுத்து ஏரியில் எறிந்திருந்தார். தக்கையின் மணிக்கட்டு மரக்கிளையோடு இறுகக் கட்டுண்டிருந்தது என்றார்கள். அந்த மரத்தில் வருடக்கணக்கில் சிக்கிய பழைய நரம்புகள் ஏராளம். இது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"என்னன்னு தெரியாது. ஆனா ஏதோ இருக்குன்னு தெரியும். அன்னிக்கு உங்க கை ரெண்டும் கத்தி வச்ச மாதிரி அறுந்து கிடந்துச்சு. நான்தானே மருந்து போட்டேன்? வழுக்கி விழுந்தவரைப் பார்த்துக்கிட்டு நின்னவருக்குக் கை ஏன் அறுந்துச்சுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே சொல்லி என்னங்க ஆகப்போகுது? போனவரு எழுந்து வரப்போறாரா? போலீஸ் உங்களையும் உள்ள தள்றதுக்கா?"

"அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

 அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிறு காலை அவர் கிளம்பும்போது இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வெறுங்கையோடுதான் போனார். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த நண்பனின் மனைவி, அவர் கையைப் பார்த்தாள். மீன் இல்லை என்று கண்டதும் முகம் மாறியது. "பொண்ணைக் கூப்பிடும்மா" என்றார். பெண் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். சீவாத தலை. முன்பு ரிசப்ஷன் வேலையில் உட்கார்ந்து ஓயாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்.

உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தக்கை அறுத்து விடச் சொன்னதையும், தான் கேட்காததையும், அவன் சட்டையைக் கழற்றியதையும். "மீன்னு நினைச்சு நான்தான் இழுத்தேன்" என்றார். நிறுத்தாமல் நரம்பை அறுத்து எறிந்ததுவரை சொல்லி முடித்தார்.

நண்பனின் மனைவி மெல்ல நாற்காலியில் சரிந்தாள். "நான் உங்களுக்கு நன்றி சொன்னேன்" என்றாள். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. "உங்க வீடு தேடி வந்து நன்றி சொன்னேன்."

பெண் சுவரை விட்டு விலகினாள். கொடியில் கிடந்த துப்பட்டாவை இழுத்து எடுத்தாள். ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"எப்படி இழுத்தாரு மாமா? காட்டுங்க."

"வேணாம்மா."

"காட்டுங்க."

அவர் துப்பட்டாவின் முனையை வாங்கி, பழக்கத்தில் கையில் சுற்றிக்கொண்டார். பெண் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நீளமாக, நிதானமாக இழுத்தாள். "இப்படியா?"

"இல்ல."

அவள் வெடுக்கென்று இழுத்தாள். "இப்படியா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

அவர் கண்ணை மூடினார். பதினோரு மாதமாகக் கை மறக்காத கணக்கு அது. "மொதல்ல மூணு. அப்புறம் கொஞ்சம் விட்டு நாலு. கடைசியா ஒண்ணு."

பெண் அதே மாதிரி இழுத்துப் பார்த்தாள். மூன்று. பிறகு நான்கு. ஒன்று. அவருடைய தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் குலுங்கியது.

"அப்போ மேல வரத்தான் பாத்திருக்காரு" என்றாள். "அம்மா, கேட்டியா? எட்டுத் தடவைம்மா. அப்பா வரத்தாம்மா பாத்திருக்காரு." அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. தரையில் உட்கார்ந்து, துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு, வயிற்றிலிருந்து அழுதாள். மறுமுனை இன்னும் லேத்துக்காரரின் கையில் சுற்றிக் கிடந்தது. அதை எப்படி விடுவது என்று தெரியாமல் நின்றார்.

தாய்தான் எழுந்துவந்து அதைப் பிரித்து எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க" என்றாள். "இப்ப சொன்னதை அங்க எழுதிக் குடுங்க." அண்ணே என்று சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கே அவர் போய்விட்டார். தாயும் மகளும் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. பழைய ஃபைலைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ரைட்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். லேத்துக்காரர் பெஞ்சில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். ரைட்டர் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

லேத்துக்காரர் குனிந்து எழுதத் தொடங்கினார். தேதியையும் தன் பெயரையும் எழுதினார். தலைக்கு மேலே மின்விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஓரம் எழும்பி எழும்பி அடித்தது. இடது கையால் பிடித்துப் பார்த்தார். ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பியது. இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

நண்பனின் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். பக்கத்தில் நின்று, உள்ளங்கையை விரித்து, தாளின் மேல்விளிம்பை மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.